டேப்பா, கம்ப்யூட்டரா

தொண்ணூறுகளின் நடுவில் என் மனைவியின் அண்ணனும் நானும் ராசா என்ற ஊரில் கல்யாண வீடியோ கடை வைத்திருந்தோம். மச்சான் கேமரா பிடிப்பார், எடிட்டிங் என் வேலை. பழைய மெஷின் டேப்பைக் கடித்துத் துப்ப ஆரம்பித்ததும், புதிதாக எதை வாங்குவது என்று எங்களுக்குள் சண்டை மூண்டது.

மச்சானுக்கு மறுபடியும் டேப் மெஷின்தான் வேண்டும். ஒரு டெக்கில் ஓடவிட்டு மற்றதில் பதிய வேண்டும். நடுவில் ஒரு காட்சியை நீக்கினால் அதற்குப் பின்னால் உள்ளதையெல்லாம் மறுபடி பதிய வேண்டும். அதில் என் இடுப்பே போய்விட்டது. கம்ப்யூட்டரிலோ வேண்டாததை நறுக்கினால் மிச்சம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். ஒரே குறை, டிஸ்க்கில் இடம் போதாது. ஒரு கல்யாணத்தை அழித்தால்தான் அடுத்தது உள்ளே போகும்.

"வேணாம் லா மாப்ள. டேப்புன்னா கையில இருக்கும். இது அழிஞ்சா எங்க போயி தேடுவ?"

"நீங்க கித்தா காட்டுலயே இருங்க," என்றேன். ரப்பர் தோட்டத்தில் பிறந்த மனிதரிடம் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அதோடு அவர் கேமராவைத் துடைக்கப் போய்விட்டார். கம்ப்யூட்டர் வந்தது.

அதில் ஏற்றிய முதல் கல்யாணம் மம்பாவ் பக்கத்து எஸ்டேட் பெண்ணுடையது. அப்பா இல்லாத பெண். பால்மரம் வெட்டி வளர்த்த அம்மா, வெள்ளைச் சேலையில் மண்டபத் தூணோரம் ஒதுங்கி நின்றாள். தாலி ஏறும்போது எட்டிப் பார்த்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மச்சான் எல்லாவற்றையும் எடுத்திருந்தார்.

கல்யாண வீடியோவில் தாலியறுத்தவள் முகம் வரக் கூடாது என்பது எங்களிடையே சொல்லாமலே புரிகிற சங்கதி. பழைய மெஷினில் அது பெரும்பாடு என்பதால் பல முகங்களை அப்படியே இருக்க விட்டுவிடுவேன். இப்போது அந்த அம்மா வரும் இடங்களையெல்லாம் தேடித் தேடி நறுக்கினேன். ஒட்டுப்போட்ட அடையாளமே இல்லை. அதைக் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தேன், வெட்கக்கேடு. பிறகு டிஸ்க்கை அழித்தேன். புது டேப் தீர்ந்துபோன அவசரத்தில், அந்தக் கல்யாணத்தை எடுத்த டேப்பையே சி ரூசாவில் ஒரு காதுகுத்துக்கு மச்சானின் பையில் போட்டு அனுப்பினேன்.

பத்து மாதம் கழித்து அந்தப் பெண் நிறைமாத வயிற்றோடு கடைக்கு வந்தாள். அம்மா போன வாரம் இறந்துவிட்டாளாம்.

"அண்ணே, வீட்டு டேப்ல அம்மாவ காணோம். நாலு தடவ போட்டுப் பாத்துட்டேன். மிச்சம் எதுவும் இருந்தா குடுங்கண்ணே. எங்கிட்ட அவங்க ஐசி கார்டுல உள்ள சின்னப் படம் ஒண்ணுதான் இருக்கு."

மச்சான் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. அவர் காதுகுத்து டேப்பைத் தேடியெடுத்து ஓட்டினார். குழந்தையின் அழுகை முடிந்த இடத்தில் பழைய கல்யாணம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. பந்தி முடிந்து, வெள்ளைச் சேலை ஒன்று குனிந்து எச்சில் இலை எடுத்துக்கொண்டிருந்தது. முதுகுதான் தெரிந்தது. திரும்புவதற்குள் டேப் தீர்ந்துவிட்டது.

"மூஞ்சி தெரியிற எடம் இல்லியாண்ணே?"

"இருந்துச்சும்மா. நான்தான் வெட்டிட்டேன்."

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"யாருண்ணே வெட்டச் சொன்னது? மாப்பிள்ளை வீட்லயா?"

"யாரும் சொல்லலம்மா," என்றேன்.