ஒடிந்த வரிக்கெல்லாம் ஒரு பச்சை பட்டன்

பிடிஎஃப் என்ற பெயரைக் கேட்டாலே எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். பார்வைக்கு முழு வாக்கியமாகத்தான் இருக்கும். காப்பி எடுத்து நோட்பேடில் போட்டால் பாதியில் ஒடிந்து அடுத்த வரிக்குப் போய் நிற்கும். ஒரு வரி, இரண்டு வரி என்றால் பரவாயில்லை. பக்கம் முழுக்க அப்படித்தான்.

2012-ல் ஒரகடத்தில், கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் எனக்கு இதோடுதான் மல்லுக்கட்டு. ஆபீஸில் ஒப்பந்த வேலை. தலைமை அலுவலகத்திலிருந்து வேலைக் குறிப்புகள் பிடிஎஃபாக வரும். அவற்றை நோட்பேடுக்குக் கொண்டுவந்து, பாகங்களைப் பூட்டும் லைனில் உள்ள திரைகளுக்கு ஏற்ற வேண்டும். திரையில் ஒரு வரி வரும். அங்கே நிற்பவர் அதைச் செய்துவிட்டுப் பச்சை பட்டனை அமுக்கினால்தான் அடுத்த வரி வரும். அந்த சாஃப்ட்வேருக்கு வாக்கியம் எது, வரி எது என்றெல்லாம் தெரியாது. எங்கே எண்டர் இருக்கிறதோ அங்கே ஒரு வேலை முடிந்தது என்று எடுத்துக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு வரியின் கடைசிக்கும் போய் டெலீட் தட்டி, ஒரு ஸ்பேஸ் விட்டு, ஒட்டிக்கொண்டே வருவேன். வேர்டு ஃபைலாக அனுப்பித் தொலைத்தால் என்ன என்று கேட்டுப் பார்த்தேன். வழக்கம் இல்லை என்று பதில் வந்தது.

புதிதாக வந்த மேலாளர் ஒருநாள் என் பின்னால் நின்று பார்த்தார்.

"இன்னாம்மா பண்ணிக்கினு கீறே?"

ஒட்டுகிறேன் என்றேன்.

"அப்ரூவ் ஆன டாக்குமென்ட்ல கை வைப்பியா நீ? ஒரு புள்ளிகூட மாறக் கூடாது. எப்படி வருதோ அப்படியே ஏத்து."

திரையில் என்ன ஆகும் என்று எடுத்துச் சொன்னேன். காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. பக்கத்திலேயே நின்று ஏற்ற வைத்துவிட்டுத்தான் போனார்.

அது மண்ணூரில் என்னோடு ஒரே அறையில் இருந்த பெண் நிற்கும் இடத்துக்கான புதுக் குறிப்பு. தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். பயிற்சி முடிந்து வேலை நிரந்தரமாக வேண்டிய சமயம். கை அவ்வளவு சுறுசுறுப்பு. அன்று கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"யக்கா, 'போல்ட்டை முழுவதும்'னு வருது, அமுக்குறேன். 'இறுக்கிய பின்'னு வருது, அதுக்கும் அமுக்குறேன். நான் ஸ்பானரப் பிடிக்கவா, பட்டன அமுக்கவா?"

என்னால் திட்டத்தான் முடிந்தது. மேலாளரிடம் மறுபடியும் போய்ச் சொன்னேன். உன் வேலையைப் பார் என்றார். நாளுக்கு நாள் அவள் முடிக்கும் பாகங்களின் எண்ணிக்கை குறைந்தது. கடைசியில் 'வேகம் போதாது' என்று எழுதி, நிரந்தரம் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். சிஸ்டம் ரிப்போர்ட் பொய் சொல்லாதாம். பையைத் தூக்கிக்கொண்டு அவள் ஊருக்குப் பஸ் ஏறினாள்.

அடுத்த மாதம் எங்களிடம் பாகம் வாங்கும் கம்பெனியிலிருந்து ஒருவர் ஆய்வுக்கு வந்தார். அதே திரையின் முன்னால் நின்று, இது ஏன் பாதி பாதியாக வருகிறது என்று கேட்டார். மேலாளர் என்னிடம் ஓடி வந்தார்.

"இன்னாம்மா நீ, இத்தகூட ஒட்டத் தெரியாதா?"

அந்த நேரம் மேசையில் இருந்த பேப்பர் வெயிட்டை எடுத்து எறியாமல் இருந்தேனே, அதுவே பெரிது. ஒட்டிக் கொடுத்தேன். அன்றைக்கே லைனில் எண்ணிக்கை ஏறிவிட்டது. மாதக் கூட்டத்தில் வேலைப் படிகளைப் பாதியாகக் குறைத்தவர் என்று மேலாளருக்கு ஒரு ஷீல்டு கொடுத்தார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை.

அவளுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் கொட்டினேன். என்னைப் போல அவள் கத்தவில்லை. கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு மெதுவாகத்தான் சொன்னாள்.

"இங்க எந்தக் கம்பெனிக்குப் போனாலும் முன்ன ஏன் நிறுத்தினாவன்னுதான்க்கா முதல்ல கேக்காவ. நான் ஸ்லோ இல்லன்னு ஒரு தாள்ல எழுதித் தருவாவளா?"

தர மாட்டார்கள் என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அதை என் வாயால் சொல்ல வைத்தவர்களை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை.