ஒரு சங்கிலி, நாலு பூட்டு

ஊரின் பழைய கடைவீதியில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. பேய் இருக்கிறது என்பார்கள். பேயாவது பிசாசாவது! கூடப்பிறந்தவர்கள் போதாதா? தையல்காரி பிறந்த வீட்டின் கதவைப் பார்த்தாலே விளங்கிவிடும். ஒரு சங்கிலி, அதில் நாலு பூட்டு.

மூன்று அண்ணன்களும் கல்யாணம் செய்துகொண்டு தனித்தனியே போய்விட்டார்கள். படுக்கையில் விழுந்த அம்மாவுக்குப் பீ மூத்திரம் எடுத்தது தையல்காரிதான். நடுநடுவே மெஷினையும் மிதித்தாள். அம்மா போன மறுநாளே, பாகம் பிரியும்வரை யாரும் உள்ளே இருக்கக் கூடாது, ஆளுக்கொரு பூட்டுப் போடுவது என்று அண்ணன்கள் பேசி முடித்தார்கள்.

"பின்னறை ஒண்ணு மட்டும் விடுங்கண்ணே. நான் எங்க போவேன்?"

"உள்ள உட்கார்ந்துட்டா நீ வெளிய வரமாட்டே," என்றார் பெரியவர். "அதுக்காக உனக்கு ஓரவஞ்சனை பண்ணுவோமா? நீயும் ஒரு பூட்டு வாங்கிப் போடு."

என்ன பெருந்தன்மை, பாருங்கள்! அவளும் ஒரு பூட்டு வாங்கி, தன்னைத் தானே வெளியே வைத்துப் பூட்டினாள். எதிர்க் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் ஓர் அறை வாடகைக்குக் கிடைத்தது. சாவியைப் பொத்தான் டப்பாவில் போட்டு வைத்தாள்.

பாகம் பிரிந்தபாடில்லை. ஒருவர் விற்கலாம் என்றார், அடுத்தவர் விலை ஏறட்டும் என்றார், பெரியவர் எதற்கும் பிடிகொடுக்கவில்லை. குடியிருக்கக் கேட்டு வந்தவர்களை விரட்டினார்கள். ஓடு மாற்றக்கூட ஆள் உள்ளே போக முடியாது. நாலு சாவியும் ஒன்று சேர்ந்தால்தானே! தெருவிலிருந்து பார்த்தால் வீடு ஜம்மென்று நிற்கும். போன மழையில் பின்பக்கக் கூரை அப்படியே உள்ளே இறங்கியது இடிச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. மூன்றாவது மாடி ஜன்னலிலிருந்து முன்கூரைக்கு மேலாக அதைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். மூச்சு விடவில்லை.

அப்புறம் ஒருநாள் பெரியவர் இரைக்க இரைக்க மாடியேறி வந்தார். பெற்ற மகனே பெட்டியைத் தூக்கி வெளியே வைத்துவிட்டான். தம்பிகள் இருவரிடமும் காலில் விழாத குறையாகக் கெஞ்சி வாங்கிய சாவிகள், தன்னுடையதோடு சேர்த்து மூன்றாகக் கையில் இருந்தன.

"உன் சாவியையும் குடும்மா. எனக்கு வேற போக்கிடம் இல்ல. பின்னறை ஒண்ணு போதும்."

அந்தப் பின்னறைதான் இப்போது வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவளுக்கு வயிறு குளிர்ந்தது. மறைப்பானேன், குளிரத்தான் செய்தது.

"அதுக்கென்னண்ணே, தாராளமா இருங்க," என்று டப்பாவைத் திறந்து சாவியைக் கொடுத்தாள். அவர் இறங்கிப் போனதும் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

ஒவ்வொரு பூட்டாகத் திறந்தார். துருப்பிடித்த ஒன்றைக் கல்லால் தட்டித் திறந்தார். உள்ளே போனவர், பின்னறை இருந்த இடத்தில், உத்தரங்களுக்கும் உடைந்த ஓடுகளுக்கும் நடுவே வந்து நின்றார். அண்ணாந்து பார்த்தார். அவளையும் பார்த்தார். அவள் நகரவில்லை.

வெளியே வந்து, கதவைச் சாத்தி, நாலு பூட்டையும் திரும்பப் பூட்டினார் மனிதர். கூரையில்லாத வீட்டுக்கு நாலு பூட்டு! அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

மறுபடியும் மாடியேறி வந்தார்.

"தெனம் பார்த்துட்டுதானே இருந்தே? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னா உள்ள போய்ப் பார்ப்பீங்க. யாரும் உள்ள போகக் கூடாதுன்னு நீங்கதானேண்ணே சொன்னீங்க?"

பெரியவர் கதவைப் பிடித்துக்கொண்டார். "இப்ப நான் எங்கம்மா போவேன்?"

அவள் கையை நீட்டினாள்.

"என் சாவியைக் குடுத்துட்டுப் போங்க."