உதறிக் காட்டிய முந்தானை

என் அண்ணன் அந்தமானில் ரங்கத் என்ற ஊரில் ரோடு ஆபீஸ் கிளார்க்காக இருந்தபோது, போர்ட் பிளேயரிலேயே பிறந்து வளர்ந்த ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்தான். அண்ணியின் தாத்தா வெள்ளைக்காரன் காலத்தில் கைதியாகக் கப்பலேறி வந்தவர். எங்கள் குவார்ட்டர்ஸ் தமிழர்களுக்கு அது போதாதா? யாரும் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. "கைதி வீட்டுப் பொண்ணு" என்றார்கள். தாத்தா ஜெயிலுக்குப் போனது வாய்க்கால் தகராறில் ஒருவனை அடித்ததற்காக, திருட்டுக்கு அல்ல. அதை யார் கேட்டார்கள்? வந்த மறுநாளே என் அம்மா அலமாரிச் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதன்பிறகு அண்ணி யார் வீட்டுக்குப் போய்க் கிளம்பினாலும், வாசலில் நின்று முந்தானையை உதறுவாள். இரண்டு கையையும் விரித்துக் காட்டிவிட்டுத்தான் படி இறங்குவாள்.

"உங்களை யாரு கேட்டா அண்ணி? எதுக்கு இந்தக் கூத்து?" என்று ஒருநாள் கத்தினேன்.

"பின்னால ஒரு பேச்சு வந்தா கோன் மானேகா? யாரு நம்புவா? முன்னாலயே காட்டிட்டா நிம்மதி" என்றாள்.

நிம்மதியா! "ஒண்ணும் எடுக்காதவ எதுக்குடி உதறிக் காட்டுறா?" என்று மேஸ்திரி பெண்டாட்டி குழாயடியில் ஆரம்பித்து வைத்தாள். அடப்பாவிகளா, காட்டாவிட்டாலும் கள்ளி, காட்டினாலும் கள்ளி. அதன்பின் அண்ணி இன்னும் பலமாக உதறினாள்.

பெண் குழந்தை பிறந்ததும் அவளுக்கு ஒரே ஒரு பிடிவாதம். "என்னைச் சொல்லட்டும், கோயி பாத் நஹி, பரவால்ல. பாப்பாவை யாரும் அப்படிச் சொல்லக் கூடாது." கைதி வம்சத்தார் பேச்சு என்று குழந்தையிடம் இந்தியே பேசமாட்டாள். தன் அப்பா வீட்டுக்குக்கூட அதை அழைத்துப் போனதில்லை. அவர் பேத்தியைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தார். அண்ணி அழுதாள், ஆனாலும் குழந்தையை எங்களிடம் விட்டுவிட்டுச் சாவுக்குத் தனியாகத்தான் போனாள்.

குழந்தைக்கு நாலு வயது. பொங்கலன்று மேஸ்திரி வீட்டில் எல்லோரும் சாப்பிட்டோம். கிளம்பும்போது குழந்தை வாசலில் நின்றது. தன் பாவாடையை இரண்டு கையாலும் பிடித்து நன்றாக உதறியது. பிறகு உள்ளங்கைகளை விரித்து எல்லோருக்கும் காட்டியது.

"பாத்தீங்களா, ரத்தம் எங்க போகும்!" என்று மேஸ்திரி பெண்டாட்டி சிரித்தாள். என் அம்மாவும் கூடச் சேர்ந்து சிரித்தாள்.

அண்ணி ஓடிப்போய் அந்தக் கைகளைப் பிடித்து மூடினாள். ஐயோ, அவள் முகத்தை நான் பார்த்திருக்கக் கூடாது. குழந்தை மிரண்டுபோய் அழ ஆரம்பித்தது. பெற்ற அம்மாவுக்கும் தன்மேல் சந்தேகம் என்று நினைத்துவிட்டது போலும். மூடிய விரல்களைத் திமிறித் திமிறித் திறந்தது.

"நான் ஒண்ணும் எடுக்கலம்மா. பாரும்மா, நல்லாப் பாரு."