ஏகாம்பரம் வயலில் தண்ணீர் நிற்கவில்லை

சில வாரங்களுக்கு முன், தண்ணீரைப் பரிசோதிக்கும் லேபில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்கள்.

"இந்தத் தண்ணில கீரை நல்லா வருமே சார்?"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. வரும் என்றேன். எங்கள் தெருவில் கீரை விதைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் பறிக்கத் தயாராக நிற்கும். முருங்கை மொட்டைமாடியைத் தாண்டிவிட்டது. பட்டாபிராமில் பல கிணறுகள் உப்பு. மனை வாங்கி வீடு கட்டிய எங்கள் தெருக்காரர்களின் பொதுக்கிணறு மட்டும் சத்துள்ள தண்ணீர். வருகிற விருந்தாளிகளிடமெல்லாம் சொல்வோம். கேனில் பிடித்துக்கொண்டு போனவர்கள்கூட உண்டு.

"வரத்தான் செய்யும். வயல்ல போட்ட யூரியா இறங்கியிருக்கு. நைட்ரேட் ரொம்ப அதிகம்," என்றார் லேப்காரர். "கைக்குழந்தைக்கு மட்டும் கொடுத்துடாதீங்க."

கைக்குழந்தைக்குத்தான் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

என் இரண்டாவது மகளுக்குப் புட்டிப்பால். அவள் உதட்டில் லேசாக நீலம் படர்ந்திருப்பதைப் பார்த்த ஆவடி டாக்டர், "எந்தத் தண்ணியில பால் கலக்குறீங்க?" என்று கேட்டுத்தான் லேபுக்கு அனுப்பினார். என் மனைவி கல்யாணி சுத்தத்தில் கெட்டி. தண்ணீரைக் கொதிக்கவைத்து, வடிகட்டி, சந்தேகத்துக்கு இன்னொரு முறை கொதிக்கவைப்பாள்.

"கொதிக்க வெச்சா தண்ணிதான் சார் குறையும். நைட்ரேட் அப்படியே நிக்கும்," என்றார் லேப்காரர்.

இத்தனை நாள் அக்கறையாக, பதமாகக் காய்ச்சி, நாங்களே அதைக் கெட்டியாக்கிக் கொடுத்திருக்கிறோம். பயந்துபோனேன்.

யூரியா எங்கிருந்து வந்தது என்று துப்பறிய வேண்டியதில்லை. எங்கள் மனைகளுக்கு மேட்டில் ஏகாம்பரத்தின் கரும்பு வயல். தலைமுறை தலைமுறையாக அதே ஊரில் விவசாயம் செய்கிற குடும்பம். இப்போது அவர் ஆவடிப் பக்கம் ஒரு பேக்டரியில் ஷிப்ட் வேலையும் பார்க்கிறார். கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்குத் தெரியும்? அதனால் மோட்டார் ஸ்டார்ட்டரின் பட்டனில் ஒரு குச்சியைச் செருகிவிட்டு டியூட்டிக்குப் போய்விடுவார். கரண்ட் வந்ததும் மோட்டார் தானாக ஓடும். கரும்புக்குத் தாகம் எடுத்ததா, இல்லையா என்பது மின்சாரத்தின் பொறுப்பு.

யூரியாவை வீசிவிட்டு இப்படிப் பாய்ச்சினால், கரும்பு குடித்ததுபோக மிச்சம் எங்கே போகும்? பள்ளத்துக்கு. பள்ளத்தில்தான் எங்கள் கிணறு இருக்கிறது.

அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போனேன்.

"இன்னா சார், நீங்களே வந்துகீறீங்க," என்று நாற்காலி போட்டார் ஏகாம்பரம். விஷயத்தைச் சொன்னேன். அவர் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது.

"வயல்லேர்ந்து வயியற தண்ணிய நாங்க மாட்டுக்கே காட்றதில்லியே. போன வருசம் குடிச்சிட்டு வயிறு உப்பிகினு வியுந்துடுச்சு."

"எங்ககிட்ட ஏம்மா சொல்லல?"

"நீங்கதான் சத்து தண்ணி, சத்து தண்ணின்னு சொல்லிகினு கீறீங்க. படிச்சவங்க. நாங்க இன்னாத்த சொல்றது?"

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

என்ன செய்யலாம் என்று கேட்டேன். ஏகாம்பரம் மளமளவென்று ஒப்பித்தார். சர்க்கரை ஆலை ஆபீசர் வரும்போதெல்லாம் சொல்வாராம். கரும்பில் உரித்த காய்ந்த இலையை, அந்தச் சோகையைக் கொளுத்தாமல், வரிசைகளுக்கு நடுவே தண்ணீர் ஓடும் சாலில் பரப்பினால் ஈரம் நிற்கும். ஒரு சால் விட்டு ஒரு சால் பாய்ச்சினால் போதும். யூரியாவை வீசாமல், கரும்பின் தூர் பக்கத்தில் குழி போட்டு, கொஞ்சம் கொஞ்சமாக வைத்து மண் மூடினால் கரைந்து ஓடாது.

"எல்லாம் தெரிஞ்சிருக்கே. அப்புறம் ஏன்ணே செய்யல?"

ஏகாம்பரம் ரோட்டுப் பக்கம் கையைக் காட்டினார்.

"வயல்ல தண்ணி நிக்கலன்னா ஊர்ல இன்னா சொல்லுவான் தெரிமா சார்? ஏகாம்பரம் பேக்டரிக்குப் போனான், நெலத்த உட்டுட்டான்னு சொல்லுவான். எங்க நைனா காலத்துலேர்ந்து இந்த வயலு காஞ்சதில்ல."

ஆக, தண்ணீர் கரும்புக்கு இல்லை. ரோட்டில் போகிறவர்களுக்கு! சிரித்திருப்பேன். ஆனால் கல்யாண வீட்டில் நாம் இலை கொள்ளாமல் பரிமாறுவது சாப்பிடுகிறவருக்காகவா, பக்கத்து இலைக்காரர் பார்ப்பதற்காகவா? அவரை மட்டும் சொல்லி என்ன பயன்?

கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். உள்ளே எல்லாம் ஆபீசர் சொன்னபடி. ரோட்டோரச் சாலில் மட்டும் தண்ணீர் தளதளவென்று நிற்கும். அதில் யூரியா கிடையாது. ஊருக்குக் காட்ட ஒரு சால். மரியாதைக்கும் கொஞ்சம் தண்ணீர் பாய்ச்சத்தான் வேண்டியிருக்கிறது. நான் ஒத்துக்கொண்டேன்.

இப்போது குழந்தைக்கு ஸ்டேஷன் பக்கத்துத் தெருக்குழாயிலிருந்து சைக்கிளில் குடம் கட்டிக் கொண்டுவருகிறேன். உதட்டில் பழைய நிறம் திரும்பிவிட்டது. அதைப் பார்த்த அன்று கல்யாணி அழுதாள். கிணறு தேறச் சில மழைக்காலமாவது ஆகுமாம்.

இந்த வாரம் குடத்தோடு வரும்போது பார்க்கிறேன் — ரோட்டோரச் சாலும் காய்ந்து கிடக்கிறது. தண்ணீருக்குப் பதில் சோகை. ஏகாம்பரம் யூனிபாரத்தில் டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே, இங்கேயும் நிறுத்திட்டீங்க?"

"அந்தத் தண்ணியும் பயைய உரத்த அடிச்சிகினு கீயதான சார் எறங்குது," என்றவர் குடத்தைப் பார்த்தார். "பாப்பா எப்டி கீது?"

"நல்லா இருக்கா."

"மோட்டார ஆப் பண்ணிட்டேன். குச்சியத் தூக்கிப் போட்டாச்சு."

சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். நன்றி சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியபோது அவர் ரயில்வே கேட்டைத் தாண்டியிருந்தார்.

டீ குடிக்க எதிர்க்கடைக்குப் போனேன். கடைக்காரர் அந்தக் காய்ந்த சாலைக் காட்டி உச்சுக்கொட்டினார்.

"பாவம் சார் ஏகாம்பரம். பேக்டரி வேலைல நெலத்த கவனிக்கறதே இல்ல போல கீது."

"இல்லைங்க," என்றேன். "இப்பத்தான் கவனிக்கிறார்."