யுவராணியின் ஓசிப் பேப்பர்

துண்டு போட்ட சீட்டாகப் பார்த்துத்தான் யுவராணி பேப்பரைச் செருகுவாள். இராமநாதபுரம் பஸ் நிலையத்தில் ஆர்.எஸ்.மங்கலம் பஸ் வந்து நின்றதும் ஜன்னல் வழியாகத் துண்டும் கூடையும் சாப்பாட்டுப் பையும் உள்ளே விழும். இடம் பிடித்தவர்கள் டீ குடிக்கப் போய்விடுவார்கள். அவர்கள் டம்ளரைக் கீழே வைப்பதற்குள் இவள் முன்படியில் ஏறிப் பின்படியில் இறங்கியிருப்பாள். ஒவ்வொரு துண்டுக்கு அடியிலும் ஒரு 'கொட்டு' கிடக்கும்.

"கையில குடுத்தா நகைக்கடை நோட்டீஸுன்னு கீழ போட்டுருவாகண்ணே. சீட்டுல கெடந்தா, நம்ம எடத்துல எவன்டா வச்சதுன்னு எடுத்துப் பாப்பாக. எடுத்துட்டா படிக்காமயா இருப்பாக?"

காலி சீட்டில் வைக்க மாட்டாள். துண்டு போட்டவர் எப்படியும் திரும்பி வருவார், காலி சீட்டுக்கு யார் வருவார் என்று யாருக்குத் தெரியும் என்பது அவள் கணக்கு. ரீல்ஸ் போட்டால் ஊரே பார்க்குமே என்று ஒரு முறை கேட்டேன். "ரீல்ஸ வெரலால தள்ளி விட்டுருவாக. சீட்டுல கெடக்குற பேப்பர ஒண்ணு எடுக்கணும், இல்ல அது மேல உக்காரணும்" என்றாள்.

'கொட்டு' எங்கள் கல்லூரியிலிருந்து யுவராணி மாதாமாதம் கொண்டுவருகிற நாலு பக்கப் பேப்பர். முன்னால் இரண்டு பக்கம் கல்லூரிச் செய்தி: விடுதிக்குத் தண்ணீர் வராதது, உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கக் கடைசித் தேதி, கபடியில் ஜெயித்த பெண்கள். பின்னால் இரண்டு பக்கம் பாட்டும் மேளமும். விலை கிடையாது. 'கொட்டு' என்கிற பெயரை யாரும் சொல்வதில்லை. "ஏலே, அந்த ஓசிப் பேப்பர இங்கன தள்ளு" என்று பஸ்சுக்குள் ஒரு குரல் கேட்டுவிட்டால் போதும், கீழே நிற்கிற யுவராணிக்கு அன்றைக்குச் சாப்பாடு வேண்டாம்.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பட்டம் கைக்கு வருவதற்கு முன்பே என் பெயரை அச்சில் காட்டியது இந்தப் பேப்பர்தான். மதிய பஸ் நிற்காமல் போவதைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தேன். அய்யாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் அந்தப் பக்கத்தை முருகன் காலண்டருக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறார். ஆகவே நான் எழுதுவதில் கொஞ்சம் பாசம் கூடுதலாகவே இருக்கும்.

யுவராணி வீட்டில் மிளகாய் விவசாயம். பேப்பர் கட்டைச் சுமக்க வேறு பை எதற்கு என்று வீட்டுச் சாக்கையே எடுத்து வருவாள். எத்தனை முறை உதறினாலும் அந்தச் சாக்கில் நெடி போகாது. பஸ்சில் ஒருவர் பேப்பரை விரிப்பார், தும்முவார். அடுத்த சீட்டிலும் தும்மல். "ஏம்மா, நான் டிக்கெட் குடுக்கவா, தும்மவா?" என்று கண்டக்டர் கத்துவார். "தும்முனாத்தாண்ணே நம்ம பேப்பரு. போலிய வாங்கி ஏமாந்துறாதீக" என்று கீழிருந்தே பதில் போகும்.

ஓசிப் பேப்பருக்கு யார் போலி போடுவார்கள் என்று கேட்கக் கூடாது.

திருவிழாவில் அவளைத் தேட வேண்டியதில்லை. எந்த மேளம் காதைப் பிளக்கிறதோ அதை ஒட்டி நிற்பாள், கண்ணை இறுக மூடிக்கொண்டு. தலை மட்டும் மெல்ல ஆடும். சாமி வரப்போகிறது என்று நினைத்துப் பக்கத்துப் பெண்கள் விபூதித் தட்டோடு ஓடி வந்துவிடுவார்கள். இவள் கண்ணைத் திறந்து, இடது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை பேனாவால் நாலு வார்த்தை கிறுக்கிவிட்டு மறுபடி மூடிக்கொள்வாள். நையாண்டி மேளம், தேவாலயப் பாட்டுக்குழு, தர்கா கந்தூரியில் தப்ஸ் அடிப்பவர்கள், கல்லூரி ஆர்க்கெஸ்ட்ரா, எல்லோருக்கும் அந்தக் கையில் இடம் உண்டு. தயவுதாட்சண்யம் கிடையாது. "இரண்டாம் பாட்டில் பாடகருக்குக் கொட்டாவி வந்தது. மூன்றாம் பாட்டில் எங்களுக்கு வந்தது" என்று ஒரு மாதம் எழுதினாள். அந்தப் பாடகர் இவளைக் கண்டால் இன்றும் வாயைக் கையால் மூடிக்கொள்கிறார்.

அச்சடிப்பது நஃபீசா. கல்லூரிக்கு எதிரில் அவள் வைத்திருக்கும் ஜெராக்ஸ் கடையில் மத்தியானம் கூட்டம் இருக்காது. பள்ளிக்கூடத்தில் யுவராணியும் அவளும் ஒரே பெஞ்சு. "இன்ஷா அல்லாஹ், இந்த மாசமாச்சும் யாரும் அடிக்க வராம இருக்கட்டும்டி" என்று சொல்லித்தான் மெஷினை ஓட விடுவாள்.

ஆனி மாதப் பேப்பருக்கு அந்த வேண்டுதல் பலிக்கவில்லை.

உப்பூர்ப் பக்கம் உறுமி வாசிப்பவர் முனியசாமி. நையாண்டி மேள செட்டு ஒன்று வைத்திருக்கிறார். வளைந்த குச்சியால் அவர் தோலைத் தேய்த்தால் மாடு கன்றைத் தேடுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். யுவராணிக்கு அந்தச் சத்தத்தின் மேல் உயிர். ஒரு நாள் பஸ்சில் போகும்போது ரோட்டோரம் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் ஒன்றைப் பார்த்தாள். ஆளுயரத்துக்கு முனியசாமியின் படம். போன் போட்டாள், சுவிட்ச் ஆஃப். அந்த ஊர்ப் பையன் ஒருவனைக் கேட்டாள். "ஆமாக்கா, அந்த மேள செட்டுல ஒருத்தரு தவறிட்டாரு. எல்லாரும் கேதத்துக்குத்தான் போயிருக்காக" என்றான்.

ஒரு பக்கம் முழுக்க எழுதினாள். அவள் எழுதியதில் அதுதான் ஆகச் சிறந்தது. நஃபீசா ஜெராக்ஸ் கடையிலேயே அழுதாள்.

பேப்பர் பஸ் ஏறிய பிறகுதான் தெரிந்தது, தவறியது செட்டில் நாயனம் வாசித்த பெரியவர். ஃபிளெக்ஸ் வைத்தது முனியசாமி. எங்கள் பக்கத்து வழக்கம் தெரிந்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை: செத்தவர் படம் மேல்மூலையில் தபால்தலை அளவு, துக்கப்படுகிறவர் படம் கைகூப்பியபடி ஆளுயரம். ஓடுகிற பஸ்சிலிருந்து பார்த்தால் பெரிய படம்தான் தெரியும்.

"மவுத்தானது யாருன்னு பேரக் கேக்க மாட்டியாடி?" என்று நஃபீசா தலையில் குட்டினாள். யுவராணி வாங்கிக்கொண்டாள். "செத்தவருக்கு ஒரு வரி போடல. இருக்குறவருக்கு ஒரு பக்கம் போட்டுட்டேன்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அதோடு போயிருந்தால் சிரித்துவிட்டு விட்டிருக்கலாம். ஆனால் ஆர்.எஸ்.மங்கலத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஆடி முளைப்பாரிக்கு வருசா வருசம் முனியசாமி செட்டுதான். பேப்பரைப் படித்த ஊர்க்காரர்கள் வேறு செட்டுக்கு வெற்றிலை பாக்கு வைத்துவிட்டார்கள். ஒரு வருசம் வெற்றிலை கைமாறினால் அடுத்த வருசமும் அந்தக் கைக்கே போகும். மீசை முளைத்த நாளிலிருந்து வாசித்த வாசலை முனியசாமி இழக்கப் போகிறார். அடுத்த 'கொட்டு' வருவதற்குள் திருவிழாவே முடிந்துவிடும்.

யுவராணி முனியசாமியின் வீட்டுக்கே போனாள். திட்டுவார் என்று என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அவர் பேப்பரை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார்.

"எம் பொண்டாட்டி ரெண்டு தடவ வாசிச்சுக் காட்டுனா தாயி. உசுரோட இருக்கையில எவனும் இப்புடி ஒரு வார்த்த சொன்னதில்ல."

"தப்புன்னு மறுப்பு போட்டுருறேன் பெரியப்பா."

அவர் பதறிவிட்டார். "உசுரு விசயத்த மட்டும் மாத்து. மாடு கன்னுன்னு எழுதிருக்கேல்ல, அதையெல்லாம் தப்புன்னு போட்டுறாத."

மறுநாள் அவரையே கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். எப்போதும் பேப்பர் வைத்துவிட்டு இறங்குகிறவள், அன்றைக்கு இறங்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, "போன மாசப் பேப்பர்ல செத்துட்டதாப் போட்டது இவரத்தான். நல்லா இருக்காரு. தப்பு எம்மேல. எல்லாரும் ஒரு தடவ பாத்துக்கங்க" என்று அறிவித்தாள். பஸ்சே திரும்பியது. முன்சீட்டுக்காரர் ஒருவர் எழுந்தே விட்டார்.

"நீங்க தவறிட்டதாப் படிச்சேனே?"

"நானுந்தாண்ணே படிச்சேன்" என்றார் முனியசாமி. "ஆயுசு கெட்டி" என்று பின்சீட்டில் ஒரு அம்மா கை தட்டினாள்.

கிராமத்தில் விழாக் கமிட்டி சேதுபதி கோயில் வாசலில் பந்தக்கால் பார்த்துக்கொண்டிருந்தார். முனியசாமியைக் கண்டதும் நெஞ்சில் கை வைத்தவர் எடுக்கச் சிறிது நேரம் ஆயிற்று.

"ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம்ல அண்ணே?" என்றாள் யுவராணி.

"செத்தவருக்கு எப்புடிம்மா போன் போடுறது? ஒம் பேப்பர்ல போட்டிருந்துச்சு, நம்புனோம். எங்க வீட்டுல அன்னிக்குச் சோறே ஆக்கல."

இதைக் கேட்டு அவள் முகம் போன போக்கை நான் மறக்க மாட்டேன். ஓசிப் பேப்பரை நம்பி ஒரு ஊரே மேளத்தை மாற்றியிருக்கிறது. தலை குனிந்திருந்தது. கழுத்து மட்டும் பெருமையில் நிமிரப் பார்த்தது. அவள் அதைப் பிடித்துக் கீழே அழுத்திக்கொண்டிருந்தாள்.

"குடுத்த வெத்தலையத் திரும்ப வாங்குற பழக்கம் எங்க ஊருல இல்ல" என்று சேதுபதி முடித்துவிட்டார். முனியசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "சரிப்பா. கோயில் காரியம், நல்லா நடக்கட்டும்" என்று கிளம்பப் பார்த்தார்.

யுவராணி நகரவில்லை. "வாங்க வேணாம்ணே. இன்னொரு வெத்தல வைக்கக் கூடாதுன்னு பழக்கம் இருக்கா?"

"ரெண்டு செட்டு எதுக்கும்மா இம்புட்டுக்காண்டி ஊருக்கு?"

அப்போதுதான் முளைப்பாரிக் கொட்டகைக்குத் தண்ணீர்க் குடத்தோடு வந்த பாண்டியம்மாள் நின்றாள். அந்த ஊரில் முதல் முளைப்பாரி தூக்குவது அவள்தான். சாமி வருவதும் முதலில் அவளுக்குத்தான். முனியசாமியை மேலும் கீழும் பார்த்தாள். குடத்தை இறக்கவே இல்லை.

"இங்க பாரு சேதுபதி. எனக்குச் சாமி வாரது இவரு உறுமிக்கு. புது செட்டுக்கு வருமா வராதான்னு எனக்குத் தெரியாது. வரலைன்னா, ஏன் வரலைன்னு என்னையக் கேக்கப்படாது. ஆமா."

சொல்லிவிட்டுக் கொட்டகைக்குள் போய்விட்டாள். சேதுபதி பந்தக்காலைப் பார்த்தார், கோயிலைப் பார்த்தார். பிறகு உள்ளே குரல் கொடுத்தார்: "ஏப்பா, இன்னொரு தாம்பாளம் எடுத்தாங்க."

திருவிழாவன்று சாயங்காலம் இரண்டு செட்டும் நின்றன. புது செட்டுக்காரர்களே முனியசாமியை நடுவில் விட்டு வாசித்தார்கள். அவர் குச்சி தோலில் இறங்கியதும் பாண்டியம்மாளின் கையில் முளைப்பாரி ஆட ஆரம்பித்தது. குலவைச் சத்தத்தோடு ஊரணி வரை போய்க் கரைத்துவிட்டு ஊர் திரும்பியது.

முனியசாமி உறுமியை இறக்கிவைத்துக் கோயில் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினார். உடம்பெல்லாம் வேர்வை.

"எப்புடி இருந்துச்சு தாயி? கூச்சப்படாமச் சொல்லு."

யுவராணி அவர் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். அவருடைய வலது கையை எடுத்து முழங்கால் மேல் வைத்து, ஆஸ்பத்திரி நர்ஸ் போல மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து நாடி பார்த்தாள். "செட்டு வேன் நிக்குது, விடு தாயி" என்று அவர் சிரித்தார். அவள் விரலை எடுக்கவில்லை.