டாக்டர் சொல்லாத கண்ணாடி

கண் ஆபரேஷன் முடிந்த மறுநாள் காலையில், பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் கட்டைப் பிரித்துவிட்டு, அண்ணியின் கையில் நர்ஸ் ஒரு கறுப்புக் கண்ணாடியைக் கொடுத்தார். முகத்தில் பாதியை மறைக்கிற அளவுக்குப் பெரியது, பக்கவாட்டிலும் மூடியிருந்தது. ஒரு மாதத்துக்கு வெயிலில் கழற்றக் கூடாதாம். அண்ணி அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். சந்தையில் சொத்தைக் கத்தரிக்காயைப் பார்ப்பாளே, அதே பார்வை. பிறகு போட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பி, "பாப்பா, உன் வாய் முகூர்த்தம் இருபத்தெட்டு வருஷம் கழிச்சுப் பலிச்சிடுச்சு. இப்ப நிஜமாவே டாக்டர் சொல்லிட்டாரு" என்றாள். நர்சுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. எனக்கு நாற்பத்தாறு வயது, பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க், ஒரு பெண்ணைக் கட்டிக்கொடுத்தவள். அந்த ஒரு வார்த்தையில் அத்தனையும் உதிர்ந்து, தப்பு செய்து அகப்பட்டுக்கொண்ட பதினெட்டு வயதுப் பெண்ணாக நின்றேன்.

அண்ணி என்றால் என் ஒரே அண்ணனின் மனைவி. அண்ணன் லாரி ஓட்டினான். அண்ணி மரக்காணம் உப்பளத்தில் கூடை சுமந்தாள். உப்பளத்துக்கு யாரும் நல்லதை உடுத்திக்கொண்டு போக மாட்டார்கள். உப்புக் காற்று எதையும் விட்டுவைக்காது. கொலுசு கறுத்துப்போகும், ஊக்கு ஒரே வாரத்தில் துருப்பிடிக்கும். அதனால் எல்லாப் பெண்களும் நைந்த புடவையைக் கட்டி, அதன் மேல் புருஷனின் கிழிந்த சட்டையைப் போட்டு, உப்பு காலை அறுக்காமல் இருக்கப் பழைய சாக்ஸை மாட்டிக்கொண்டு நடப்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் யார் அம்மா, யார் மகள் என்று தெரியாது. அண்ணியை மட்டும் ரோட்டில் பஸ்ஸில் போகிறவன்கூட அடையாளம் சொல்லிவிடுவான். அண்ணனின் சட்டைகளில் பூப்போட்ட சட்டையாகத் தேடி எடுப்பாள். ஒரு காலில் சிவப்பு சாக்ஸ், இன்னொன்றில் நீலம். ஜோடி தொலைந்துபோய்விட்டதோ என்று முதலில் நினைத்தேன். இல்லை, வேண்டுமென்றேதான்.

சாக்ஸுக்குள்ளே இருந்த கூத்து வேறு. கால் விரல்களுக்குக் கிளிப்பச்சை நெயில்பாலிஷ் போட்டு, அதன் மேல்தான் சாக்ஸை மாட்டுவாள். வேலைக்குப் போகிற நேரத்தில் இது எதற்கு, யாருக்குமே தெரியாதே என்று கேட்டேன். "எனக்குத் தெரியுதே" என்று சொல்லிவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அப்போது அவளுக்கு முப்பத்து நாலு வயது, ரெண்டு பிள்ளைகள். "ரெண்டு பெத்தாச்சு, இன்னும் மினுக்கு வேண்டிக் கெடக்குது" என்று அம்மா அடுப்படியில் முணுமுணுப்பாள். அண்ணன் சிரிப்பான். அவனுக்கு அவளைப் பிடிக்கும், அதை மறைக்கவும் தெரியாது.

சனிக்கிழமை வேலை முடிந்ததும் குளித்துவிட்டு அண்ணி தனியாகப் பஸ் ஏறிக் கூனிமேடு போவாள். அங்கே ஒரு பாய், வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்து ஃபேன்சி ஸ்டோர் வைத்திருந்தார். முன்பக்கம் கூல்டிரிங்ஸ், உள்ளே வளையல், ரிப்பன், சென்ட். அண்ணி அங்கே ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு கிளாஸ் ரோஸ் மில்க் குடிப்பாள். அவசரமே படமாட்டாள். ஒரு தடவை நானும் கூடப் போனேன். எனக்கும் ஒரு கிளாஸ் வாங்கிக் கொடுத்தாள், பிள்ளைகளுக்கு பிஸ்கட் வாங்கிப் பையில் வைத்தாள், தன் கிளாஸை மட்டும் யாரோடும் பங்கு போடவில்லை. ஒரு பொம்பளை கடையில் தனியாக உட்கார்ந்து இப்படி ரசித்துக் குடிப்பதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எனக்குக் கூச்சமாக இருந்தது. யாராவது தெரிந்தவர்கள் வருகிறார்களா என்று வாசலையே பார்த்துக்கொண்டு குடித்ததில், என் ரோஸ் மில்க் எப்படி இருந்தது என்றே எனக்கு ஞாபகமில்லை.

அந்தக் கடையில்தான் கண்ணாடியை வாங்கினாள். தக்காளிச் சிவப்பு ஃபிரேம், ரெண்டு ஓரத்திலும் மூன்று மூன்று வெள்ளைக் கல். மறுநாளே அதைப் போட்டுக்கொண்டு உப்பளத்துக்கு வந்துவிட்டாள். பிளஸ் டூ பரீட்சை எழுதிவிட்டு நானும் அந்தக் கோடையில் கூடை சுமக்கப் போய்க்கொண்டிருந்தேன். வெள்ளை வெளேரென்று விரிந்து கிடக்கிற பாத்திகள், நடுவில் பூச்சட்டை, தலையில் கூடை, முகத்தில் சிவப்புக் கண்ணாடி. நாலு நாளுக்கு வேறு பேச்சே இல்லை. அவளிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை, எல்லாம் என்னிடம்தான். கஞ்சி குடிக்க உட்கார்ந்த நேரத்தில் ஒருத்தி என்னைப் பார்த்து, "உங்க வூட்டு ஹீரோயினுக்கு ஷூட்டிங் எப்ப முடியுதாம்?" என்று கேட்டாள். சுற்றிலும் சிரிப்பு. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வாயில் வந்ததைச் சொன்னேன். "அண்ணிக்குக் கண்ணுல கோளாறு. டாக்டர்தான் போடச் சொன்னாரு."

சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. கேட்டவளே உச்சுக்கொட்டினாள். அடடா, ஒரே வார்த்தையில் குடும்ப மானத்தைக் காப்பாற்றிவிட்டோமே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. உண்மையாகவே அண்ணிக்கு நல்லது செய்துவிட்டதாகத்தான் நினைத்தேன்.

அன்று சாயங்காலத்திலிருந்து வீட்டுக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஒருத்தி கட்டுக் கட்டாகப் பொன்னாங்கண்ணிக் கீரை கொண்டுவந்தாள். இன்னொருத்தி நந்தியாவட்டைப் பூவைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனாள். பக்கத்துத் தெருவில் பிள்ளை பெற்றிருந்தவள், வேண்டுமானால் தாய்ப்பால் ரெண்டு சொட்டு விடுகிறேன் என்று கைக்குழந்தையோடு வந்து நின்றாள். மினுக்கு என்று முணுமுணுத்த அதே அம்மா, மருமகளை உட்காரவைத்துக் கீரையைத் தானே கடைந்து போட்டாள். அழகுக்குப் போட்டபோது பொறுக்காத கண்ணாடி, நோய்க்கு என்றதும் எல்லாருக்கும் பொறுத்துப்போயிற்று. அண்ணிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்னா ஆச்சு இந்த ஊருக்கு, எல்லாரும் என் கண்ணையே பாக்குறாங்க" என்று சிரித்தாள். நான் கீரையைத் தலை நிமிராமல் தின்றேன்.

மறுநாள்தான் வினை வந்தது. உப்புப் பாத்திகளுக்கு நடுவே வரப்பு ஓரடி அகலம்தான் இருக்கும், வழுக்கும். அதில் பத்துப் பெண்கள் கூடையோடு ஒருவர் பின் ஒருவராக நடந்து போய் மேட்டில் உப்பைக் குவிக்க வேண்டும். முன்னால் நடக்கிறவளின் நடைதான் எல்லாருடைய நடையும். அவள் வேகமாகப் போனால் பின்னால் வருகிறவள் சறுக்குவாள், மெதுவாகப் போனால் எல்லாருக்கும் கழுத்து ஒடியும். ஐந்து வருஷமாக அண்ணிதான் முன்னால் நடந்தாள். அவளுக்கு அதில் இருந்த கர்வம் பூச்சட்டையில்கூட இல்லை. அன்று காலையில் மேஸ்திரி அவளை நிறுத்திவிட்டார். கெட்ட மனுஷர் கிடையாது. கண் தெரியாதவளை முன்னால் விட்டு நாளைக்கு ஒருத்தி விழுந்தால் யார் பதில் சொல்வது என்று நியாயமாகத்தான் கேட்டார். கண்ணைச் சரிபண்ணிக்கொண்டு வரச் சொல்லி வீட்டுக்கு அனுப்பினார். சீசன் நடுவில் நின்றவள் இடத்துக்கு உடனே வேறு ஆள் வந்துவிடும், மழை வந்து சீசன் முடியும் வரைக்கும் மறுபடி இடம் கிடைக்காது. அண்ணி கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, வெறும் தலையோடு வரப்பில் திரும்பி நடந்தாள். நான் வரிசையில் ஐந்தாவது ஆளாக, தலையில் கூடையோடு, அவள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மத்தியானம் வீட்டுக்குப் போய் அண்ணியிடம் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள், அடிக்கக்கூட அடிப்பாள் என்று நினைத்தேன். அவளோ, அழகுக்குத்தான் போடுறான்னு சொல்ல உனக்கு அவ்வளவு அசிங்கமாவா இருந்துது என்று மெதுவாகக் கேட்டாள். அசிங்கமாகத்தான் இருந்தது, அதை எப்படிச் சொல்வது? அவசர அவசரமாக ஒரு வழி சொன்னேன். ஒரு வாரம் கண்ணாடியைப் போடாமல் இரு, கண் சரியாகிவிட்டது என்று மேஸ்திரியிடம் சொல்லிவிடலாம், வேலையும் போகாது, பேச்சும் அடங்கிவிடும். அம்மாவும் அதைத்தான் சொன்னாள். அண்ணி கண்ணாடியை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். உப்புக் காற்றில் ஒரு வெள்ளைக் கல் அதற்குள் உதிர்ந்திருந்தது. அந்த இடத்தில் வெள்ளை நெயில்பாலிஷால் ஒரு பொட்டு வைத்து, வாயால் ஊதினாள். அதுதான் எங்களுக்குக் கிடைத்த பதில்.

மறுநாள் விடிந்தும் விடியாததுமாகக் கண்ணாடியோடு வந்து நின்றாள். வெயில்கூட இல்லை அப்போது. மேஸ்திரி வாயைத் திறப்பதற்குள் கூடை நிறைய உப்பை வாரச் சொல்லி, தலையில் ஏற்றி, அந்த வரப்பில் போய்க் கொட்டிவிட்டு வந்தாள். ஒரு கல் உப்புச் சிந்தவில்லை. வந்து நின்றபோது மூச்சு வாங்கக்கூட இல்லை. "கண்ணு நல்லாத்தான் இருக்குது மேஸ்திரி. டாக்டரும் சொல்லல, யாரும் சொல்லல. அழகா இருக்குதுன்னு போட்டேன்."

அவ்வளவு பேர் முன்னால் ஒரு பொம்பளை, தான் அழகாக இருக்க ஆசைப்படுவதாக உரக்கச் சொல்லி யாரும் கேட்டதில்லை. மேஸ்திரிக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அப்புறம் தலையைச் சொறிந்துகொண்டு, "சரி சரி, முன்னாடி நட" என்றார். நாங்கள் நடந்தோம். கண் கோளாறு என்று நான் ஏன் சொன்னேன் என்று அன்று முழுக்க எல்லாரும் அவளைத் துளைத்தார்கள். பாப்பா எதையோ தப்பாப் புரிஞ்சுக்கிட்டா, விடு என்று முடித்துவிட்டாள். இன்றுவரை அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதற்காக ஊர் மாறிவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஹீரோயின் என்ற பட்டப்பெயர் அவளுக்கு நிலைத்தே போய்விட்டது. கீரை கொடுத்தவளுக்குக் கீரை வீணாய்ப்போன கோபம் ரொம்ப நாள் இருந்தது.

இதெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். நியாயமாக நான் திருந்தியிருக்க வேண்டும். எங்கே? படித்தேன், வேலைக்குப் போனேன், என் சம்பளத்தில் என் இஷ்டத்துக்கு வாங்கும் நிலைமைக்கும் வந்தேன், ஆனால் இத்தனை வருஷத்தில் எனக்குப் பிடித்திருக்கிறது என்று சொல்லி ஒரு பொருள் வாங்கியதில்லை. கல் வைத்த வளையல் போட்டால், பொண்ணு வாங்கிக் கொடுத்தா என்பேன். லிப்ஸ்டிக் போட்டால் உதடு வெடிக்கிறதாக்கும். ஐஸ்கிரீம் தின்றால் வயிற்றில் சூடு. மஞ்சள் புடவை கட்டினால் ஆடித் தள்ளுபடியில் வேறு கலரே இல்லை. கேட்கிறவர்கள் கேட்பதற்கு முன்பே காரணம் தயாராக இருக்கும். அன்றைக்கு அண்ணிக்காகச் சொன்ன பொய்யை அப்புறம் வாழ்நாள் முழுக்க எனக்காகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். ஆஸ்பத்திரியில் அண்ணி கேலி செய்தபோது சுருக்கென்று தைத்தது அதுதான்.

திரும்பும் வழியில் கூனிமேட்டில் வாடகைக் காரை நிறுத்தச் சொன்னாள். பாய் காலமாகிவிட்டார், அவருடைய பெண் கடையைப் பார்த்துக்கொள்கிறாள். ஸ்டூல் பிளாஸ்டிக் நாற்காலி ஆகிவிட்டது, ரோஸ் மில்க் பாட்டிலில் வருகிறது. அண்ணி ஸ்ட்ரா போட்டு வாங்கிக்கொண்டாள், கூடவே வெள்ளை நெயில்பாலிஷ் ஒன்றும் கேட்டாள். கடைக்குள் நிழலாகத்தான் இருந்தது. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி என்னிடம் நீட்டிவிட்டுக் கண்களை மூடிக்கொண்டாள். "மூணு மூணு வை பாப்பா. கையை ஆட்டாத" என்றாள். அறுபத்திரண்டு வயது. நெற்றிக்கு மேலே முழுக்க நரை. அதில் ஒரு வயலெட் கிளிப். ஆஸ்பத்திரிக் கண்ணாடியின் ரெண்டு ஓரத்திலும் மூன்று மூன்று வெள்ளைப் பொட்டு வைத்தேன்.

அது காய்வதற்காகக் காத்திருந்தபோதுதான் கண்ணாடி ஸ்டாண்டில் அதைப் பார்த்தேன். எலுமிச்சை மஞ்சளில் வட்ட ஃபிரேம். கை தானாகப் போய் எடுத்தது. போட்டுக்கொண்டு சுவரில் இருந்த சின்னக் கண்ணாடியில் பார்த்தேன். நன்றாக இருந்தது. நன்றாக இருந்தேன். கடைக்காரப் பெண் அண்ணியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கரிசனத்தோடு கேட்டாள். "உங்களுக்கும் டாக்டர் போடச் சொன்னாங்களா மேடம்?"

ஸ்கூட்டர் ஓட்டும்போது தூசி விழுகிறது என்ற காரணம் அதற்குள் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டிருந்தது. நல்ல காரணம், யாரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள். பக்கத்தில் ஸ்ட்ராவில் உறிஞ்சும் சத்தம் நின்றிருந்தது. அண்ணி கண்களை மூடியபடியே முகத்தை என் பக்கம் திருப்பியிருந்தாள்.

"இல்லம்மா. டாக்டரும் சொல்லல, யாரும் சொல்லல. அழகா இருக்குது, அதான்."

சொல்லி முடித்ததும் காது மடல் சுட்டது. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, "சூப்பரா இருக்குது மேடம்" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனாள். இவ்வளவுதானா என்று இருந்தது எனக்கு. இதற்கா இருபத்தெட்டு வருஷம்?

அண்ணி கையை நீட்டினாள். பொட்டு சரியாகக் காயவில்லை. அவளுக்கு அதுவரை பொறுமை இல்லை, கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்தாள். புதுக் கண்ணால் என்னை மேலிருந்து கீழ் வரை ஒரு தடவை நிதானமாகப் பார்த்தாள். வாசலில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. ரோட்டைத் தாண்டித்தான் கார் நின்றது. பின்னால் வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"முன்னாடி நட" என்றாள்.