இங்க வேண்டாம், விஜயாக்கா

சென்னையை ஒட்டிய இந்தத் தொழிற்பேட்டைப் பக்கம் ஆளின் முகத்தைப் பார்க்கும் முன் கழுத்தில் தொங்கும் அட்டையைத்தான் பார்க்கிறார்கள். எந்தக் கம்பெனி என்று தெரிந்த பிறகே பேச்சு. எங்கள் சங்கரன்கோவிலில் யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்பார்கள். ஒரகடத்துக்கு வந்து இத்தனை வருடமாகியும் எனக்கு இது பழகவில்லை. ஆஸ்பத்திரியில் என் அட்டை ‘வார்டு இன்சார்ஜ்’ என்கிறது. வாயைத் திறந்தால் தெக்கத்திக்காரி என்று தெரிந்துவிடும்.

சமீபத்தில் இன்சார்ஜ் சிஸ்டர்களுக்குத் தண்டலம் பக்கம் ஒரு பயிற்சி வைத்தார்கள். வார்டில் ஒருவரையொருவர் மட்டம் தட்டுவதை எப்படி நிறுத்துவது என்று. அந்த இடத்திலேயே தடுக்க வேண்டும், குரலை உயர்த்தக் கூடாது, பிறகு தனியே கூப்பிட்டுப் பேச வேண்டும். நடித்தும் காட்டினோம். எனக்கு அது அவசரத் தேவை. ஊரில் எங்கள் தெருப் பெண் முத்துமாரி என் வார்டில் புதிதாகச் சேர்ந்து, தினமும் ஏச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். அவள் அம்மா என்னை நம்பித்தான் அனுப்பியிருந்தார்.

ஏசுபவர் விஜயா, உள்ளூர்க்காரர், மூத்த நர்ஸ். வேலையில் புலி, வாய்தான் பொல்லாதது. ஒருநாள் டூட்டி மாறும் நேரத்தில், நோயாளிகள் முன்னால், சலைன் பாட்டில் மாற்றத் தாமதமானதற்கு முத்துமாரியைப் பிடித்துக்கொண்டார்.

“இன்னா பொண்ணு நீ, தூங்கிக்கினு கீறியா? உங்க ஊர்ல இப்டித்தான் கத்துக் குடுத்தாங்களா?”

“இங்க வேண்டாம், விஜயாக்கா. ரூமுக்குப் போய்ப் பேசலாம்” என்றேன். கற்றுக்கொடுத்ததில் ஒரு வரி பிசகவில்லை.

ரூமில் விஜயா என்னை நேராகப் பார்த்தார். “எங்க ஊரு நர்ஸ் கவிதாவ நான் திட்டனப்ப நீங்க ஒண்ணும் சொல்லலியே சிஸ்டர். உங்க ஊர்ப் பொண்ணுன்னதும் பொத்துக்கினு வந்துச்சா?”

அப்போது பயிற்சியே நடக்கவில்லை என்றேன். உண்மைதான். ஆனாலும் என் காதுக்கே அது நொண்டிச்சாக்காகப் பட்டது.

அதன் பிறகு யாரும் முத்துமாரியைத் திட்டவில்லை. பேசவும் இல்லை. மதியம் குழம்பு டப்பா அவளைத் தாண்டிப் போனது. ஒரு கடுஞ்சொல்லும் இல்லாதபோது எதைத் தடுப்பது? விஜயாவிடம் உட்கார்ந்து மனம்விட்டுப் பேசியிருக்கலாம். மறுபடியும் ஊர்ப்பாசம் என்பாரோ என்று தள்ளிப்போட்டேன். நினைக்க நினைக்க மனசு ஆறவில்லை. “ஏசும்போதாவது எங்கூடப் பேசுனாகக்கா” என்றாள் முத்துமாரி. சில நாளில் வேலையை விட்டு ஊருக்கு பஸ் ஏறிவிட்டாள்.

நேற்று சாப்பாட்டு அறை வாசலில் நிற்கும்போது அவள் அம்மாவின் போன். “நீ இருக்கேங்குற தைரியத்துலதான தாயி அனுப்புனேன். நீயும் அந்த ஊர்க்காரியாவே ஆயிட்டியே” என்று அழுதார்.

உள்ளே விஜயா பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார். “வாங்க சிஸ்டர், குந்துங்க. சோறு ஆறிப்பூடும்.”

நான் உட்காரவும் இல்லை, போனை வைக்கவும் இல்லை.